பாரிஸ் பிராஸரியில் ஒரு வேளை உணவு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: வரும் கோடை விடுமுறையில் குடும்பத்துடன் பாரிஸ் செல்லவிருக்கிறோம். பெயர்பெற்ற ஒரு பிரெஞ்சு உணவகத்தில் ஒரு வேளையாவது சாப்பிட வேண்டும் என்பது என் ஆசை. கையிருப்பே கரைந்துவிடும் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நட்சத்திர விருது பெற்ற உணவகங்களைத் தேடிப் போனால் அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் பாரிஸ் மக்கள் நண்பர்களோடு கூடிச் சாப்பிடும் இடங்கள் பிராஸரி எனப்படும், பீரும் உணவும் தரும் பெரிய உணவகங்களும், பிஸ்த்ரோ எனப்படும் சிறிய உணவகங்களும்தான். 1870–71 போரில் தோற்ற பிரான்ஸ் அல்சாஸ் பகுதியை ஜெர்மனியிடம் இழந்தபோது, அங்கிருந்து பலர் பாரிஸுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களுள் சிலர் தங்கள் ஊர் பீரையும், புளிக்கவைத்த முட்டைக்கோஸோடு பன்றி இறைச்சி சேர்ந்த ஷூக்ரூத்தையும் பரிமாறும் பிராஸரிகளைத் திறந்தார்கள். சேன் ழெர்மேன் சாலையில் 1880-இல் தொடங்கப்பட்ட லிப் என்ற பிராஸரி அந்த மரபில் வந்தது.

செலவு குறைய வேண்டுமானால், 1896 முதல் இயங்கிவரும் பூயோன் ஷார்த்தியே என்ற மலிவு விலை உணவகத்தை நான் முதலில் பரிந்துரைப்பேன். உயரமான கண்ணாடிகளும் பழைய மரவேலைப்பாடும் கொண்ட அந்தக் கூடத்தில் பரிமாறுபவர் உங்கள் ஆர்டரை மேசைமீது விரித்த காகிதத்திலேயே எழுதிக்கொண்டு, கணக்கையும் அதிலேயே கூட்டுவார். கூட்டம் மிகுந்த நேரத்தில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரே மேசையில் உட்கார வைப்பார்கள். அதைக் குறையாக எண்ண வேண்டாம். பிரான்ஸில் எந்த உணவகமும் விலைப்பட்டியலை வாசலிலேயே வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே வெளியில் நின்று படித்துப் பார்த்து, கட்டுப்படியாகுமா என்று முடிவெடுத்த பிறகே உள்ளே செல்லலாம். மதிய வேளையில் இரண்டு அல்லது மூன்று பதார்த்தங்களைச் சேர்த்து ஒரே விலைக்குத் தருவது பல இடங்களில் வழக்கம் என்பதால், இரவைவிட மதியமே சிக்கனம்.

கேள்வி: நாங்கள் சைவம், மது அருந்துவதில்லை. பிரெஞ்சு உணவகத்தில் எங்களுக்கு என்ன இருக்கிறது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: இருக்கிறது, ஆனால் பெயரை மட்டும் நம்பி எதையும் வரவழைக்கக் கூடாது. வெங்காய சூப் என்றதும் நம்மவர்கள் நிம்மதி அடைகிறார்கள். அது பெரும்பாலும் மாட்டெலும்பு வேகவைத்த சாற்றில் செய்யப்படுவது. நீஸ் நகர சாலட்டில் மீனும், முட்டையும் பாலேடும் நிரப்பிய மாவுப் பதார்த்தமான லொரேன் கீஷில் பன்றி இறைச்சித் துண்டுகளும் இருக்கும். பாலாடைக்கட்டிகளிலும் மரபான வகைகள் பலவற்றில் பாலைத் திரிக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருள் சேர்கிறது. க்ரேம் ப்ரூலே என்ற பாலேட்டு இனிப்பில் முட்டை மஞ்சள் கருவும், சாக்லேட் மூஸில் பெரும்பாலும் முட்டையும் உண்டு. முட்டை சாப்பிடுபவர்களுக்குக் கீரைவகைகள் தூவிய ஆம்லெட் நல்ல தேர்வு. சாப்பிடாதவர்கள் வறுத்த உருளைக்கிழங்கு, பச்சைக்காய் சாலட், பால் சேராத பழ ஐஸான சோர்பே என்று சேர்த்துக்கொள்ளலாம். உருளைக்கிழங்கைச் சில இடங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பதால் அதையும் கேட்டுவிடுங்கள். "சான் வியாந்த், சான் ப்வாசோன்" என்றால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று பொருள். மேசை முன்பதிவு செய்யும்போதே இதைச் சொல்லிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது; சமையற்கட்டு பரபரப்பாக இருக்கும் நேரத்தில் கோரிக்கை வைப்பது இருதரப்புக்கும் சங்கடம்.

மது இல்லாமல் சாப்பிடுவதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. குழாய்த் தண்ணீரை ஒரு குடுவை கேட்டால் இலவசமாகத் தருவார்கள். உணவோடு வரும் ரொட்டிக்கும் தனிக் கட்டணம் இல்லை. குழந்தைகளுக்குப் புதினா சிரப்பில் லெமனேட் ஊற்றித் தரும் தியாபோலோ மாந்த் பிடிக்கும்.

கேள்வி: சாப்பிட்டு முடித்து வெகுநேரமாகியும் பில் வரவில்லை. நம்மை அவமதிக்கிறார்களா? டிப்ஸ் எவ்வளவு கொடுப்பது?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: அவமதிப்பு அல்ல. நீங்கள் கேட்கும் முன் பில்லைக் கொண்டுவந்து நீட்டுவதுதான் அங்கே மரியாதைக் குறைவு. எழுந்து போகச் சொல்வதாக அது பொருள்படும். பரிமாறுபவரின் கண்ணைப் பார்த்து "லாதிஸியோன், சில் வூ ப்ளே" என்றால் போதும். விரலைச் சொடுக்காதீர்கள். உள்ளே நுழையும்போதே "போன்ழூர்", மாலையானால் "போன்ஸ்வார்" என்று முகமன் கூறுவது மிக முக்கியம். அதைச் சொல்லாமல் நேராகக் கேள்வியில் தொடங்கினால் பதிலும் வறட்சியாகவே வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கிறது என்பதால் டிப்ஸ் கட்டாயமில்லை. மனநிறைவு இருந்தால் சில நாணயங்களை மேசையில் வைத்துவிட்டு வரலாம்.

கேள்வி: ஒரே காபிக்கு இரண்டு விலை போட்டிருக்கிறார்களே?
– வாசகர், மதுரை

பதில்: பார் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் அமர்ந்தால் கூடுதல் விலை. பட்டியலிலேயே குறிப்பிட்டிருப்பார்கள்.

கேள்வி: என் அண்ணன் பாரிஸில் ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் வேலை செய்கிறார். சாப்பிட வருபவர்கள் சமைத்தவரைப் பாராட்டும் வழக்கம் அங்கே உண்டா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: உண்டு. உணவு பிடித்திருந்தால் பரிமாறுபவரிடம் சொல்லி அனுப்பலாம். 1980-களிலிருந்து போரின் காரணமாகப் பாரிஸ் வந்து சேர்ந்த ஈழத்தமிழர் பலர் கோப்பை கழுவுவதில் தொடங்கி, பிரெஞ்சு உணவைத் தேர்ச்சியோடு சமைப்பவர்களாக உயர்ந்திருக்கிறார்கள். தமிழ்க் கடைகள் நிறைந்த பாரிஸின் லா ஷாப்பேல் பகுதியைப் பார்க்கும் நம் பயணிகள், தங்கள் மேசைக்கு வந்த ஸ்டேக்கையோ சூப்பையோ சமைத்த கைகளும் தமிழருடையவையாக இருக்கலாம் என்பதை அறிவதில்லை. உங்கள் அண்ணன் எந்த உணவகத்தில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு போகிறவர்கள், அவருக்கு ஓய்வு கிடைக்கும் பிற்பகலில் போய் விசாரித்தால் ஓரிரு வார்த்தை பேசவும் வாய்ப்புண்டு.