ஆன்டிபயாடிக் முடித்த பிறகு காலில் ஊதாப் புள்ளிகள்

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. தொண்டை வலி, காய்ச்சலுக்கு அமாக்ஸிசிலின் கலந்த ஆன்டிபயாடிக் ஐந்து நாள் சாப்பிட்டார். மாத்திரை தொடங்கிய ஒன்பதாம் நாள் இரண்டு கெண்டைக்காலிலும் சிவப்பும் ஊதாவுமாகப் புள்ளிகள். அரிப்பு அதிகமில்லை, எரிச்சல் மட்டும். நிறுத்திய மருந்து எப்படி அலர்ஜி தரும்? மருந்துக்கடையில் கொடுத்த அலர்ஜி மாத்திரை போதுமா?

பதில்: முதலில் ஒரு கண்ணாடி டம்ளரைப் புள்ளி மேல் வைத்து அழுத்துங்கள். சாதாரண அலர்ஜித் தடிப்பு என்றால் நிறம் மங்கும். மங்கவில்லை, விரலுக்குச் சற்று மேடாகவும் தட்டுப்படுகிறது என்றால் தோலின் சிறு ரத்தக் குழாய்களில் அழற்சி, அதாவது வாஸ்குலைடிஸ், என்று சந்தேகிக்கலாம். மேடில்லாமல் தட்டையாக இருந்தால் பிளேட்லெட் குறைவும் காரணமாகலாம். ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

நாள் கணக்கு உங்களைக் குழப்புவது இயல்புதான். தோலில் உடனே தடித்துப் போகும் அலர்ஜி வேறு, இது வேறு. மருந்துக்கு எதிராக உடல் எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கவே ஒரு வாரம், பத்து நாள் பிடிக்கும். அவை மருந்தோடு சேர்ந்து சிறு குழாய்களின் சுவரில் படியும். வெள்ளணுக்கள் அங்கே வந்து சுவரைச் சேதப்படுத்த, ரத்தம் தோலுக்குள் கசியும். கால்களில் ரத்த ஓட்டம் மெதுவாக இருப்பதால் புள்ளிகள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் வரும். அமாக்ஸிசிலின் அடங்கிய பென்சிலின் வகை, செஃபலோஸ்போரின், சல்ஃபா மருந்துகள் இதற்குப் பெயர்போனவை.

ஆனால் மருந்துதான் குற்றவாளி என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம். தொண்டைத் தொற்றே இதைக் கிளப்பிவிடும். ஹெபடைடிஸ் பி, சி, சில மூட்டுவாத நோய்களும் காரணமாகலாம்.

என்னைக் கேட்டால், புள்ளிகளைவிட சிறுநீர்ப் பரிசோதனைதான் அவசரம். இதே அழற்சி சிறுநீரகத்திலும் நடந்தால் வலியே இருக்காது. சிறுநீரில் ரத்த அணு, புரதம் தெரிவதுதான் முதல் தடயம். கூடவே சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம். முதல் முடிவு நன்றாக இருந்தாலும் அடுத்த சில வாரங்களில் மருத்துவர் திரும்பப் பார்க்கச் சொல்வார், தட்டிக்கழிக்காதீர்கள். பயாப்ஸி, அதாவது தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது, வேண்டுமென்றால், தோன்றி ஒன்றிரண்டு நாளே ஆன புள்ளியில் எடுத்தால்தான் பலன். அதனால் தோல் மருத்துவரை இந்த வாரமே பாருங்கள்.

தோலோடு நின்றுவிட்டால் சிகிச்சை எளிது. ஓய்வு, காலைத் தலையணை மேல் உயர்த்தி வைப்பது, அதிக நேரம் நிற்காமல் இருப்பது. அலர்ஜி மாத்திரை எரிச்சலைக் குறைக்கும், அவ்வளவுதான். ஸ்டீராய்டை நீங்களே வாங்கிக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். பழுப்புத் தழும்பு மட்டும் மாதக்கணக்கில் இருக்கும்.

சிறுநீர் சிவப்பாகவோ நுரையாகவோ போவது, கடும் வயிற்று வலி, கருப்பு மலம், கால் மரத்துப்போவது, தோலில் கொப்புளம், வாய்ப்புண் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றே மருத்துவமனை. கடும் காய்ச்சலோடு புள்ளிகள் மணிக்கு மணி பரவினால் நள்ளிரவானாலும் கிளம்புங்கள்.

அப்புறம், மாத்திரை அட்டையைத் தூக்கிப்போட வேண்டாம். பிராண்டு பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் தெளிவாகச் சொல்லும்வரை அம்மாவுக்குப் பென்சிலின் வகை எதுவும் வேண்டாம். பல் பிடுங்கப் போனாலும் முதலில் இதைச் சொல்லுங்கள்.