ஸ்பிரிங் ஹொக்கிக்கு மகனை விடலாமா?

கேள்வி: மகனுக்கு 9 வயது. ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் 'டபுள் ஏ' தர அணியில் ஐஸ் ஹொக்கி ஆடுகிறான். சீசன் முடிகிற நேரம் ஒரு ஸ்பிரிங் 'ட்ரிபிள் ஏ' அணி அழைத்திருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை, 2,800 டொலர். பஃபலோவிலும் டிட்ராய்ட்டிலும் சுற்றுப்போட்டிகள் வேறு. வெள்ளிக்கிழமைக்குள் முற்பணம் கட்டட்டாம். விடாவிட்டால் பின்தங்கிவிடுவானோ?

பதில்: முதலில் அந்த 'ட்ரிபிள் ஏ'யைப் பார்ப்போம். குளிர்காலத்தில் அதற்கு ஒரு பொருள் உண்டு: 'டபுள் ஏ'க்கும் மேலான உச்சப் பிரிவு. ரொறன்ரோவின் சிறுவர் ஹொக்கி லீக்கான ஜி.டி.எச்.எல்.இல் எந்தக் கழகம் அந்தப் பிரிவில் ஆடலாம் என்பதற்கு வரையறை இருக்கிறது. ஸ்பிரிங் அணிகள் பெரும்பாலும் தனியார் நடத்துபவை. ஜெர்சியில் எத்தனை 'ஏ' அடிப்பது என்பது நடத்துகிறவர் விருப்பம். இடங்கள் நிரம்பினால்தான் அவர் ஐஸ் வாடகை கட்டலாம். வெள்ளிக்கிழமை அவசரம் அதனால்கூட இருக்கலாம்.

இனிக் கணக்கு. கோல் காப்பவரை விட்டால் அணியில் 15 பிள்ளைகள், ஐஸில் ஒரு நேரத்தில் 5 பேர். 36 நிமிட ஆட்டத்தில் உங்கள் மகனுக்குக் கிடைப்பது 12 நிமிடம். அதில் பக் (ரப்பர் வட்டு) அவன் ஸ்டிக்கில் இருப்பது சில விநாடிகள்தான். அதற்காகத்தான் எல்லை தாண்டிக் கார் ஓட்டப் போகிறீர்கள். பல சுற்றுப்போட்டிகளில் அவர்கள் சொல்கிற ஹோட்டலில்தான் தங்க வேண்டும். அந்தச் செலவு 2,800இல் அடங்குமா என்று கேளுங்கள். காப்புறுதியையும் கேளுங்கள். ஹொக்கி கனடாவின் காப்புறுதி அதன் அங்கீகாரம் பெற்ற ஆட்டங்களுக்குத்தான்.

பணம் கட்டுமுன் அந்த கோச்சின் பயிற்சி ஒன்றைப் போய்ப் பாருங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரேயொரு பிள்ளையை மட்டும் கவனியுங்கள். கோனுக்கு முன்னால் வரிசையில் காத்து நிற்கிற நேரத்தை ஃபோனில் அளந்து பாருங்கள். பாதி நேரம் நிற்கிறான் என்றால் கிளம்பி வந்துவிடலாம், ரிங்க் கோப்பியும் அப்படியொன்றும் நன்றாயிராது.

உடம்பு விஷயத்தில் எனக்குச் சமரசம் இல்லை. ஒரே விளையாட்டை ஆடுகிற பிள்ளைக்கு வருடத்தில் மொத்தம் 3 மாதமாவது அதிலிருந்து ஓய்வு வேண்டும், அதையும் ஒவ்வொரு மாதமாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் சொன்னது. ஒரே விளையாட்டில் இறங்குவதை 15, 16 வயது வரை தள்ளிப்போடவும் சொன்னது. ஸ்கேட்டிங் இடுப்பைத் திரும்பத் திரும்ப ஒரே விதமாக வளைக்கிற அசைவு, வளரும் எலும்புக்கு அது சுமை. ஒன்ராறியோவின் பிரான்ட்ஃபர்ட்டில் வளர்ந்த ஹொக்கி ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கி கோடையில் பேஸ்போலும் லக்ரோஸும் (வலை கட்டிய கோலால் பந்தாடுவது) ஆடினார். வருடம் முழுக்க ஹொக்கி ஆடுவதை அவர் வெளிப்படையாகவே குறை சொல்லியிருக்கிறார்.

சேர்ப்பதைப் பற்றி யோசிக்க வேண்டிய காரணம் ஒன்றுதான்: சில குளிர்கால கோச்சுகளே ஸ்பிரிங் அணியும் நடத்துகிறார்கள். அங்கே ஆடினால் குளிர்கால அணிக்கு ஆள் எடுக்கும் ட்ரைஅவுட்டில் முகம் தெரியும் என்பது பொய்யில்லை. அப்படியானால் அவரிடமே கேளுங்கள்: "ஸ்பிரிங் ஆடாவிட்டால் இவனை எடுப்பீர்களா?" மழுப்பினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. 14, 15 வயதில், ஒன்ராறியோவின் ஜூனியர் லீக்கான ஓ.எச்.எல்.இன் தெரிவை நினைத்துக் கேட்டிருந்தால் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்.

மகனிடமும் கேளுங்கள், ஆனால் "அழைத்திருக்கிறார்கள்" என்று தொடங்காதீர்கள். எந்தப் பிள்ளையும் ஓம் என்றுதான் சொல்லும். "ஸ்பிரிங்கில் என்ன செய்ய ஆசை?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

என் முடிவு: இந்த வருடம் வேண்டாம். சொக்கரிலோ லக்ரோஸிலோ விடுங்கள். ஐஸ் இல்லாமல் இருக்க முடியவில்லை என்றால் ஜூனில் கிழமைக்கு ஒரு மணி நேரம் ஸ்கேட்டிங் வகுப்பு போதும், ஜூலையில் அதுவும் வேண்டாம். ஆகஸ்ட் கடைசியில் ஸ்கேட்டைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாகக் கால் நுழையாது. மிச்சம் பிடித்ததில் கொஞ்சம் புது ஸ்கேட்டுக்குப் போகும்.