அட்டையைச் சுவரிலேயே விடுங்கள்

கேள்வி: ரங்கூனில் இருக்கிறோம். மகளுக்கு இரண்டரை வயது. பெயர் 'மீ'யில் தொடங்கும். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் பர்மியம். என் மாமியார் தினமும் எழுத்து அட்டையைக் காட்டி 'ஆனா, ஆவன்னா' சொல்லச் சொல்கிறார். அவள் எழுந்து ஓடிவிடுகிறாள். பக்கத்து வீட்டில் பர்மிய எழுத்தும் சொல்லித் தருகிறார்கள். இரண்டும் சேர்ந்து குழப்புமா? பெரிய செலவில்லாமல், விளையாட்டாகவே எழுத்தொலிகளைப் பழக்க வழி இருக்கிறதா?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் மகள் ஓடுவதில் தவறே இல்லை. அந்த அட்டையில் இருப்பது இப்போது அவளுக்கு வெறும் கோடுகள். அதைப் பார்த்து 'ஆவன்னா' என்று ஒப்பித்தாலும், 'ஆடு' என்ற சொல்லின் தொடக்கத்தில் ஆ இருப்பதை அவள் காது பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனா, ஆவன்னா எல்லாம் எழுத்தின் பெயர்கள். பக்கத்து வீட்டில் சொல்லும் 'கஜீ, கக்வே'யும் அப்படித்தான். பெயர்களைப் பாட்டாகப் பாடட்டும், அதில் கெடுதல் இல்லை. ஆனால் இந்த வயதுக்கு வேண்டியது ஒலி விளையாட்டு. ஒரு சொல் எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது என்று காதுக்குப் பழகிவிட்டால், பிறகு எழுத்தைக் கற்பது எவ்வளவோ சுலபம்.

அவள் பெயரிலிருந்தே ஆரம்பியுங்கள். பிள்ளைகளுக்குத் தன் பெயரைவிடப் பிடித்த சொல் கிடையாது. காலையில் மொஹிங்கா (மீன் குழம்பு ஊற்றிய பர்மிய நூடுல்ஸ்) சாப்பிடும்போது, "இதுல மீ...ன் இருக்கு, உன் பேர்லயும் மீ... இருக்கு" என்று இழுத்துச் சொல்லுங்கள். தாத்தாவைப் பார்த்தால் மீ...சை. அவ்வளவுதான். 'இது என்ன எழுத்து?' என்று கேட்காதீர்கள். கேள்வி வந்ததும் விளையாட்டு பரீட்சை ஆகிவிடும், அவள் மறுபடி ஓடுவாள்.

அப்புறம் பை விளையாட்டு. பழைய லுங்கித் துணியில் ஒரு சுருக்குப்பை தைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மாங்காய், ஒரு மாலை, ஒரு மாட்டுப் பொம்மை. கூடவே ஒரு கரண்டி. கையை விட்டுத் துழாவி ஒவ்வொன்றாக எடுக்கட்டும். "மா... மாங்காய், மா... மாலை" என்று நீங்கள் சொல்லிக்கொண்டே வாருங்கள். கரண்டி வந்ததும் "மா... மாரண்டி!" என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். அம்மாவைத் திருத்துவதில் பிள்ளைகளுக்கு இருக்கும் சந்தோஷமே தனி. "இல்ல, கரண்டி!" என்று அவள் கத்தும் அன்று, சொல்லின் முதல் ஒலி அவள் காதில் பதியத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு நாளைக்கு ஒருமுறை பொருள்களை மாற்றுங்கள். புளியங்கொட்டை, பொத்தான், சோழி போன்ற சின்னச் சாமான்கள் மட்டும் வேண்டாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் வயது இது.

எழுத்தை ஒலியாகச் சொல்லித் தரும் இங்கிலீஷ் ஃபோனிக்ஸ் வீடியோக்களைப் பார்த்துவிட்டு சிலர் க், ப், ட் என்று தனி மெய்யை ஊட்டப் பார்க்கிறார்கள். நம் மொழிக்கு அது இப்போது தேவையில்லை. நாம் எழுதுவதே கா, பா, மீ என்று உயிர்மெய்யாகத்தானே? அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நீட்டிச் சொல்ல வருகிற ம், ல், ஸ் மட்டும் விதிவிலக்கு. சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் 'ஸ்ஸ்ஸ்', பாயசம் ருசித்தால் 'ம்ம்ம்'. அடுப்பிலிருந்து அவளைத் தள்ளி நிறுத்தி, சேர்ந்து சத்தம் போடுங்கள்.

தமிழுக்கு மிக முக்கியமானது குறில், நெடில். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணம் சொல்வதை அப்படியே விளையாட்டாக்கலாம். 'பல்' என்றால் ஒரு தட்டு, 'பா...ல்' என்றால் இரண்டு தட்டு. கல், கால், மலை, மாலை. தட்டிச் சலித்தால் குறிலுக்கு ஒரு குதி, நெடிலுக்குக் கையை அகல விரித்து ஒரு நீளமான நடை. ரங்கூன் மழையில் வெளியே விட முடியாத மாதங்களுக்கு இதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது.

பர்மியம் குழப்பாது. இரண்டு மொழி கேட்டு வளரும் பிள்ளைகள் சொற்களைக் கலந்து பேசுவார்கள், அது இயல்பு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நம்முடைய ல், ள், ர் மாதிரி பர்மியச் சொற்கள் முடிவதில்லை. அதனால் 'பால்' என்பதை அவள் 'பா' என்று நிறுத்தினால், நீங்கள் "பா..." என்று தொடங்கி, நாக்கை மேலே ஒட்டிக் காட்டி, "ல்" என்று அவளை முடிக்க வையுங்கள். கதவைச் சாத்துகிற மாதிரி கையையும் சேர்த்துத் தட்டினால் ரசிப்பாள். ழகரத்துக்கு அவசரமே வேண்டாம், அது பல பிள்ளைகளுக்குத் தாமதமாகத்தான் வரும். "வாயப்பயம்" என்றால், "ஆமா, வாழைப்பழம்" என்று சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு ஒரு துண்டு கொடுங்கள்.

மாமியாரை ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ் இவ்வளவு பேசும் ஒரு பாட்டி வீட்டில் இருப்பது இந்த ஊரில் பெரிய கொடுப்பினை. அட்டைக்குப் பதிலாக ஒரு தட்டில் அரிசியைப் பரப்பி அவரிடம் கொடுங்கள். விஜயதசமியன்று செய்வதுதானே, மற்ற நாளிலும் செய்யட்டும். ட, ப போல நேர்க்கோடாக இருக்கும் எழுத்தை அவர் விரலால் போடட்டும், பேத்தி அழிக்கட்டும். அழிப்பதும் விளையாட்டுதான், எழுதச் சொல்லிக் கையைப் பிடிக்க வேண்டாம். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். அவள் எழுந்தால் சரி, விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தாலோ, 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொல் சேர்த்துப் பேச இன்னும் வரவில்லை என்றாலோ, விளையாட்டு இருக்கட்டும். முதலில் டாக்டரிடம் காட்டிக் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துவிடுங்கள்.