கிளினிக் துண்டில் டிஸ்போனியா

வணக்கம் ஐயா,

என் அம்மா திருகோணமலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. ஐந்து கிழமையாகக் குரல் கம்மியிருக்கிறது. கிளினிக் துண்டில் 'டிஸ்போனியா' என்று எழுதியிருக்கிறார்கள். கிரேக்கச் சொல்லாம். இது என்ன நோய்? கொத்தமல்லி அவித்துக் குடிக்கிறார், வகுப்பில் கிசுகிசுத்துச் சமாளிக்கிறார். குறையவில்லை.

வாசகி, உவர்மலை

அன்புள்ள மகளுக்கு,

அது நோயின் பெயர் அல்ல, அறிகுறியின் பெயர். கிரேக்கத்தில் 'போனே' என்றால் குரல். டெலிபோனில் இருப்பதும் அதுதான். 'டிஸ்' என்ற முன்னொட்டு கெட்டது, சிரமமானது என்ற பொருள் தரும். துர்நாற்றம், துர்க்குணம் என்கிறோமே, அந்த வடமொழித் 'துர்' இதற்கு உடன்பிறப்பு. ஆக, துண்டு சொல்வது குரல் கெட்டிருக்கிறது என்பதை மட்டுமே. ஏன் கெட்டது என்பதை இனித்தான் தேட வேண்டும். 'லாரின்ஜைட்டிஸ்' என்று இருந்திருந்தால் குரல்வளை அழற்சி என்ற அளவுக்காவது காரணம் தெரிந்திருக்கும்.

துண்டை ஒருமுறை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். அவசரக் கையெழுத்தில் இந்தச் சொற்கள் ஒன்றுபோலத் தெரியும். டிஸ்பேஜியா என்றால் விழுங்கச் சிரமம். டிஸ்பேசியா என்றால் மூளைப் பாதிப்பால் மொழி தடுமாறுவது. டிஸ்ஆர்த்ரியா என்றால் நாக்கும் உதடும் சரியாக அசையாமல் உச்சரிப்புக் குழறுவது. குரலே எழும்பாவிட்டால் அபோனியா; அநீதியில் வரும் அதே 'அ'.

குரலைப் பற்றிய கிரேக்க அறிவு சொற்களோடு நிற்கவில்லை. 2ஆம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியில் இருந்த கிரேக்க நகரமான பெர்கமோனில் பிறந்து ரோமில் வைத்தியம் பார்த்த கலென், கத்திக்கொண்டிருந்த பன்றியின் கழுத்தில் குரல்வளைக்குப் போகும் மெல்லிய நரம்புகளைத் துண்டித்தார். பன்றி உயிரோடு துடித்தது, சத்தம் மட்டும் நின்றுவிட்டது. அந்த நரம்புகளில் இடப்பக்கத்தது நேரே குரல்வளைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து வரும் பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு, கழுத்தில் தைரொயிட் சுரப்பியை ஒட்டி மேலே ஏறுகிறது. அதனால்தான் நுரையீரல் கட்டியோ தைரொயிட் சத்திரசிகிச்சையோ குரலைக் கம்ம வைக்கலாம். தொண்டையை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது.

உங்கள் அம்மாவுக்கு அப்படித்தான் என்று சொல்லவில்லை. நாள் முழுக்க உரத்துப் பேசும் ஆசிரியைகளுக்குக் குரல்நாண்களில், அதாவது குரல்வளைக்குள் அதிர்ந்து குரல் எழுப்பும் இரண்டு மடிப்புகளில், சிறு முடிச்சுகள் வருவதே அதிகம். இரண்டு நாண்களும் விநாடிக்கு 200 தடவைக்குக் கிட்ட மோதும்போது, முன்பக்கத்து மூன்றிலொரு பங்கு முடிகிற இடத்தில் அடி அதிகம் விழும்; தோல் தடிப்பதும் அங்கேதான். பிறகு நாண்கள் முழுதாக மூடாது, காற்றுக் கசியும், குரல் கரகரக்கும். பேச்சுச் சிகிச்சையில் பெரும்பாலும் தணிந்துவிடும்.

ஆனால் சளிக் காய்ச்சலோடு வந்த கம்மல் பொதுவாக இரண்டு கிழமைக்குள் போய்விடும். மூன்று கிழமை தாண்டினால் காது மூக்கு தொண்டை வைத்தியர் நாண்களை நேரே பார்க்க வேண்டும். மூக்கு வழியே மெல்லிய கமரா விடுவார்கள், சில நிமிட வேலை. ஐந்து கிழமை என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள். விழுங்க வலி, சளியில் இரத்தம், கழுத்தில் கட்டி இருந்தால் உடனே காட்டுங்கள். மூச்சில் இரைச்சல் வந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

கிசுகிசுப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பலர் அப்போது குரல்வளையை இன்னும் இறுக்குகிறார்கள். மெல்லிய இயல்பான குரலே நல்லது. வகுப்புக்கு இடுப்பில் கட்டும் சிறிய மைக் வாங்கிக் கொடுங்கள். செருமாமல் ஒரு மிடறு தண்ணீர் விழுங்கட்டும். கொத்தமல்லித் தண்ணீர் உடம்பின் ஈரத்துக்கு உதவும். ஆனால் அது உணவுக்குழாயால் போகிறது, நாண்களைத் தொடாது. கொதிக்கும் பானைக்கு மேல் குனிந்து ஆவி பிடிக்க வேண்டாம், பானை சரிந்து வெந்துபோனவர்கள் உண்டு.

கிளினிக்குக்குப் போகும்போது பாவிக்கும் எல்லா மருந்தும் எடுத்துப் போங்கள். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் ஸ்டீரொயிட் பம்ப்கூடக் குரலைக் கெடுக்கும். நெஞ்செரிவு இருந்தால் அதையும் சொல்லுங்கள். கமரா பார்த்த பிறகு இரண்டு கேள்வி கேளுங்கள்: இரண்டு நாண்களும் அசைகின்றனவா, நடுவில் முழுதாக மூடுகின்றனவா?