சூரியனைப் படமெடுக்க எந்தக் கேமரா?

கேள்வி: என்னிடம் 80 மி.மீ. விட்டமும் 600 மி.மீ. குவியத் தொலைவும் உள்ள லென்ஸ் தொலைநோக்கியும் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமராவும் இருக்கின்றன. சூரியப் புள்ளிகளைத் தெளிவாகப் படமெடுக்க வேறு என்ன வாங்க வேண்டும்? வீட்டு மொட்டை மாடி போதுமா, ஏற்காட்டுக்குச் செல்ல வேண்டுமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: முதலில் வடிகட்டியை வாங்குங்கள். ஒளி அடர்த்தி 5 என்று குறிக்கப்பட்ட சூரிய வடிகட்டித் தாள், லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டுமே உள்ளே விடும். அதைத் தொலைநோக்கியின் முகப்பில், காற்றுக்குக் கழன்று விழாதபடி இறுக்கமாகப் பொருத்த வேண்டும். 3.8 அடர்த்தித் தாள் கேமராவுக்கு மட்டுமே உரியது; அதன் வழியே கண்ணால் பார்க்கவே கூடாது. கண்வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடி, குவிந்த வெயிலின் சூட்டில் வெடித்துவிடும் என்பதால், இலவசமாகக் கிடைத்தாலும் அதைத் தொடாதீர்கள்.

உங்கள் தொலைநோக்கியில் சூரிய பிம்பத்தின் விட்டம் ஏறத்தாழ 5.5 மி.மீ. இருக்கும். முழு வட்டத்தை எடுத்துப் பழக, கையிலுள்ள டிஎஸ்எல்ஆரே போதும். புள்ளியின் கருமையைச் சுற்றியுள்ள இழை இழையான விளிம்பு தெரிய வேண்டுமானால், வேகமாக வீடியோ பதிவு செய்யும் கறுப்பு வெள்ளை பிளானட்டரி கேமரா தேவை. காற்றின் அலைக்கழிப்பில் சிக்கிய ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து நல்லவற்றைப் பொறுக்கி அடுக்கினால்தான் அந்த இழைகள் துலங்கும். (அவற்றின் வழியே வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது நம் கொடைக்கானலில்தான்.) 2.4 மைக்ரான் பிக்சல் கொண்ட ஏஎஸ்ஐ178எம்எம் என்ற கேமரா உங்கள் தொலைநோக்கிக்கு நன்றாகப் பொருந்தும். அதன் சென்சார் 5 மி.மீ. உயரமே என்பதால், முழுச் சூரியனை இரண்டு துண்டுகளாக எடுத்து ஒட்ட வேண்டியிருக்கும். பின்னாளில், சூரியனிலுள்ள ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் காட்டும் ஹைட்ரஜன் ஆல்ஃபா தொலைநோக்கி வாங்கினாலும் இதே கேமரா உதவும். வண்ணக் கேமராவிலோ அந்தச் சிவப்பு ஒளியை நான்கில் ஒரு பிக்சல்தான் முறையாகப் பதிவு செய்யும்.

இடத்தைப் பொறுத்தவரை, சேலத்து மொட்டை மாடியின் சிமென்ட் தளம் காலையிலேயே சூடேறி, அதன் மேலெழும் காற்று சூரிய விளிம்பைக் கொதிநீர் போலத் தளும்பச் செய்யும். ஆகவே தளம் சூடேறுமுன் எடுத்து முடியுங்கள். முடிந்தால் புல்தரைக்கு மாறுங்கள். உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரித் தீவில் அமைத்ததற்குக் காரணமே, நீர்ப்பரப்பு தரையைப் போல விரைவில் சூடேறிக் காற்றைக் கலக்காது என்பதுதான். அந்த வகையில் ஏற்காட்டில் மலை உச்சியைவிட ஏரிக்கரையையே நான் தேர்ந்தெடுப்பேன். மூடுபனி விலகியதற்கும் மேகம் திரள்வதற்கும் இடைப்பட்ட நேரமே உங்களுக்குக் கிடைக்கும். வெயிலில் மடிக்கணினித் திரை தெரியாது என்பதால், தலையோடு சேர்த்துப் போர்த்திக்கொள்ள ஒரு கறுப்புத் துணியையும் எடுத்துச் செல்லுங்கள்.