'வேடர் கூட்டம்' என்று திட்டலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி லிப்ட் கண்ணாடியை யாரோ கீறிவிட்டார்கள். நிர்வாகக் குழு சார்பில் நான் போட்ட அறிவித்தலில் 'வாண்டல்கள்' என்றும் 'வேடர் கூட்டம்' என்றும் எழுதினேன். ஒரு குடியிருப்பாளர் இது இழிவு என்கிறார். இரண்டும் பழங்கால மக்களின் பெயர்கள்தானே, யாருக்கு நோகப் போகிறது?

பதில்: பெயருக்கு உரியவர்கள் இன்று இருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். வாண்டல்கள் இல்லை. கி.பி. 455இல் ரோமைக் கொள்ளையடித்த ஜெர்மானிய இனத்தவர் அவர்கள். வட ஆபிரிக்காவில் இருந்த அவர்களுடைய அரசு 534இல் பைசாந்தியரிடம் வீழ்ந்தது. கலைப்பொருட்களை உடைப்பதற்கு அவர்கள் பெயரைச் சூட்டி 1794இல் பரப்பியவர் பிரெஞ்சு ஆயர் கிரெகுவார். உண்மையில் ரோமை அவர்கள் சூறையாடினார்களே தவிர தரைமட்டமாக்கவில்லை. அநியாயப் பழிதான், ஆனால் கேட்டு நோக ஆளில்லை. அந்தச் சொல் இருக்கட்டும்.

வேடர் விஷயம் வேறு. இலங்கையின் ஆதிக்குடிகளான அவர்கள் மஹியங்கனைக்குப் பக்கத்தில் தம்பானையில் இன்றும் வாழ்கிறார்கள். தலைவர் ஊருவரிகே வன்னில அத்தோவைத் தொலைக்காட்சியில் நீங்களே பார்த்திருப்பீர்கள். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக வேட்டையாடிய காட்டுக்குள் போவதே அவர்களுக்குக் குற்றமாயிற்று. கிழக்கில் வாகரைப் பக்கம் இருக்கும் கரையோர வேடர் பேசுவது தமிழ். அதாவது உங்கள் அறிவித்தலை அவர்கள் வாசித்தால் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. 'பழங்கால மக்கள்' என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கூடுதலாக உறுத்துகிறது. இருக்கும் மனிதர்களை இறந்தகாலத்தில் தள்ளிவிடுகிறோம், அப்புறம் திட்டுவது சுலபமாகிவிடுகிறது.

நம் ஆட்களின் வேடிக்கையும் இதுதான். கோயிலில் கண்ணப்ப நாயனாரைக் கும்பிடுவோம், வேடர் மகள் வள்ளிக்குத் திருக்கல்யாணம் நடத்துவோம். லிப்டில் கீறல் விழுந்தால் மட்டும் 'வேடர் கூட்டம்'.

'தப்பான எண்ணத்தில் எழுதவில்லை' என்பீர்கள். சரி, நம்புகிறேன். ஆனால் அந்த வசவு வேலை செய்வதே வேடர் என்றால் நாகரிகம் தெரியாதவர் என்ற நினைப்பின் மேல்தான்.

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. கலைரசனை இல்லாதவரை ஆங்கிலத்தில் 'பிலிஸ்டைன்' என்பார்கள், தமிழ் பைபிளில் வரும் பெலிஸ்தர்தான். அந்த இனம் எப்போதோ மறைந்துவிட்டது. ஆனால் பலஸ்தீனம் என்ற பெயர் அவர்களிடமிருந்து வந்தது, காஸா அவர்களுடைய ஐந்து நகரங்களில் ஒன்று. இந்தக் காலத்தில் நான் அதைத் தவிர்ப்பேன்.

இப்போது செய்ய வேண்டியது: அறிவித்தலைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடுங்கள். 'முன்பு எழுதிய சொல் தவறு, நீக்கியிருக்கிறோம்' என்று ஒரு வரி போதும், நீண்ட விளக்கம் வேண்டாம். திட்டியே ஆகவேண்டும் என்றால் 'பொறுப்பற்றவர்கள்' என்று எழுதுங்கள். கண்ணாடி மாற்ற ஆகும் செலவையும், ஒவ்வொரு வீட்டுக்கும் விழும் பங்கையும் கீழே சேருங்கள். எந்த வசவையும் விட அது நன்றாக உறைக்கும்.