அப்பாவுக்கு வசனம் கேட்க வேண்டும்: எந்த ரிசீவர்?

கேள்வி: வணக்கம் ஐயா. ஹோம் தியேட்டருக்கு ஏ.வி. ரிசீவர் (ஒலியை எல்லா ஸ்பீக்கருக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வாங்க வேண்டும். தேடித் தேடி இரண்டில் வந்து நிற்கிறேன். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவது இந்த வருட மாடல்: 7 சேனல், சேனலுக்கு 150 வாட், கேம் கன்சோலின் 4கே 120 ஹெர்ட்ஸ் படத்தை வாங்கும் எச்டிஎம்ஐ இன்புட் மூன்று. இரண்டாவது சில வருடங்களுக்கு முன் வந்தது, இப்போது விலை இறங்கியிருக்கிறது: 9 சேனல், ஆனால் 105 வாட்தான். 4கே 120 இன்புட் ஒன்றே ஒன்று. அதில் ஆடிஸி மல்ட்இக்யூ எக்ஸ்டி32 என்ற ரூம் கரெக்‌ஷன் (மைக் வைத்து அறையை அளந்து ஒலியைச் சரிசெய்வது) உண்டு, இரண்டு சப்வூஃபருக்கு (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்) தனித்தனி அவுட் உண்டு, ப்ரீ-அவுட்டும் (வெளியே தனி ஆம்ப்ளிஃபையர் சேர்க்கும் வழி) உண்டு. முதலாவதில் இருக்கும் ரூம் கரெக்‌ஷன் சாதாரணமானது என்கிறார்கள். ஸ்பீக்கர்கள் ஏற்கெனவே வீட்டில் உள்ளன: 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்), 8 ஓம், 87 டெசிபல். அறை 14 அடிக்கு 11 அடி. அப்பாவின் நாற்காலி பின்சுவரை ஒட்டி இருக்கிறது. அவருக்கு 72 வயது. படத்தில் சண்டை, பாட்டு எல்லாம் கேட்கிறது, வசனம்தான் புரியவில்லை என்கிறார். வாட் அதிகமுள்ளதை வாங்கினால் சரியாகிவிடும் என்று தம்பி சொல்கிறான். அவன் கேம் ஆடுகிறவன், அதனால் அவனுக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: இரண்டாவதை வாங்குங்கள். மாடல் எண்களையும் எழுதியிருந்தீர்கள். அவை வருடத்துக்கு ஒருமுறை மாறும் என்பதால் இங்கே அச்சிடவில்லை. ஆனால் இரண்டின் ஸ்பெக் தாளையும் வரி விடாமல் படித்தேன்.

முதலில் அந்த 150. அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: 6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல் மட்டும் இயங்கும்போது. இரண்டாவதின் 105-க்குக் கீழே இருப்பது: 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.05 சதவீதம், இரண்டு சேனல் இயங்கும்போது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. ஒன்று படியால் அளந்தது, மற்றது தராசில் நிறுத்தது. 10 சதவீத டிஸ்டார்ஷன் என்றால் குரல் கரகரத்துப் போகிற நிலை. அந்த அளவுக்கு ஏற்றி யாரும் படம் பார்ப்பதில்லை. வாட்டைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் பழையது. அமெரிக்காவில் 1974-லேயே இதற்காக ஒரு விதி போட வேண்டியிருந்தது.

சரி, இரண்டும் ஒரே முறையில் அளந்த எண்கள் என்றே வைத்துக்கொள்வோம். 105 வாட்டுக்கும் 150 வாட்டுக்கும் சத்தத்தில் வித்தியாசம் ஒன்றரை டெசிபல். வாட் இரட்டிப்பானாலே 3 டெசிபல்தான் கூடும். இரண்டு மடங்கு சத்தம் என்று காதுக்குத் தோன்ற வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்.

உங்கள் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 87 டெசிபல் தருகிறது. அப்பாவின் நாற்காலி சுமார் 11 அடி தள்ளி இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்போது, சுவர்களில் பட்டு வருவதையும் சேர்த்து, அது ஏறக்குறைய 80 ஆகியிருக்கும். வசனத்தை அவர் 65 டெசிபலில் கேட்கிறார் என்றால், அதற்குச் செலவாவது ஒரு வாட்டில் முப்பதில் ஒரு பங்கு. வெடிச்சத்தம் வரும்போது சில வாட் வேண்டும், நன்றாகக் கூட்டி வைத்தால் சில பத்து வாட். தாழ்ந்த பேஸுக்கு உங்கள் சப்வூஃபரிலேயே தனி ஆம்ப் இருக்கிறது, அந்தப் பாரம் ரிசீவர் மேல் விழுவதில்லை. ஆக அப்பாவுக்கு வசனம் புரியாததற்கும் வாட்டுக்கும் சம்பந்தம் இல்லை.

பிறகு ஏன் வசனம் புரியவில்லை? நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நாற்காலி பின்சுவரை ஒட்டி இருக்கிறது.

14 அடி என்பது சுமார் 4.25 மீட்டர். ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகிறது. இந்த நீளமுள்ள அறையில் 40 ஹெர்ட்ஸ் ஒலி முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே அப்படியே தேங்கி நிற்கும். சுவரோரத்தில் அது உச்சம், அறையின் நடுவில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. அதன் மடங்குகளான 80, 120 ஹெர்ட்ஸும் சுவரோரத்தில் குவியும். தாழ்ந்த ஒலி பலமாக இருந்தால் அதற்கு மேலே உள்ள மெல்லிய ஒலிகளை அமுக்கிவிடும். வயதானால் காது முதலில் இழப்பது உயர்ந்த ஒலிகளை. ச, த, ப போன்ற எழுத்துகளைப் பிரித்துக் காட்டுவது அவைதான். உங்கள் அப்பாவுக்கு இரண்டும் சேர்ந்து வருகிறது என்று நினைக்கிறேன். சத்தத்தைக் கூட்டினால் உறுமலும் கூடவே கூடும்.

இதை நான் என் அம்மாவிடம் கற்றேன். படம் போட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை “என்ன சொன்னான்?” என்பார். நான் சோபாவில் நடுவில் உட்கார்ந்திருப்பேன், எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும். காதுதான் என்று நினைத்து சத்தத்தைக் கூட்டினேன், அப்புறம் பெரிய ஆம்பும் வாங்கினேன். ஒருமுறை அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் வழக்கமாக உட்காரும் சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து அதே படத்தைப் போட்டேன். எனக்கே பாதி வசனம் புரியவில்லை. இத்தனை வருடம் ஒருநாள்கூட அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவில்லையே என்று மிகவும் வருத்தமாக இருந்தது. மறுநாளே நாற்காலியை இரண்டடி முன்னே இழுத்துப் போட்டு, மைக்கை அவர் தலை இருக்கும் உயரத்தில் வைத்து, முதலிலிருந்து அளந்தேன். அம்மா திரும்பி வந்த பிறகு அந்தக் கேள்வி குறைந்துவிட்டது.

அதனால்தான் எக்ஸ்டி32-ஐச் சொல்கிறேன். எளிய கரெக்‌ஷன்களில் சில, ஸ்பீக்கரின் தூரத்தையும் அளவையும் மட்டும் சரிசெய்துவிட்டு சப்வூஃபரைத் தொடாமலே விட்டுவிடும். எக்ஸ்டி32 பேஸில்தான் நுணுக்கமாக வேலை செய்கிறது. எந்த ஹெர்ட்ஸில் குவிகிறதோ அந்த இடத்தைப் பார்த்துக் குறைக்கும். ஆனால் அறையின் நடுவில் இல்லாமல் போகிற பேஸை எந்தக் கரெக்‌ஷனாலும் வரவழைக்க முடியாது. அதற்கு இடத்தை மாற்ற வேண்டும், அல்லது இன்னொரு சப்வூஃபர் வேண்டும். பின்னால் அப்படித் தோன்றினால் இரண்டாவது அவுட் தயாராக இருக்கிறது.

வாங்கி வந்ததும் இப்படிச் செய்யுங்கள். நாற்காலியைச் சுவரிலிருந்து முடிந்தவரை முன்னே கொண்டுவாருங்கள், இரண்டடி கிடைத்தாலே போதும். மைக்கை சோபா முதுகில் வைக்காமல் கேமரா ஸ்டாண்டில் வையுங்கள். முதல் அளவு அப்பாவின் காது இருக்கும் இடத்தில்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் தூரமும் சத்த அளவும் அந்த இடத்தை வைத்தே முடிவாகும். மொத்தம் 8 இடம். அளக்கும்போது ஃபேன், ஏசி எல்லாம் நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் மெனுவில் பார்த்தால் சப்வூஃபரின் தூரம் டேப் வைத்து அளந்ததைவிட அதிகமாகக் காட்டும். தப்பாக இருக்கிறதே என்று அதை மாற்றிவிடாதீர்கள். சப்வூஃபருக்குள் ஒலி தாமதமாவதையும் அது தூரமாகக் கணக்கு வைத்திருக்கிறது. ஸ்பீக்கர்கள் ‘லார்ஜ்’ என்று வந்திருந்தால் ‘ஸ்மால்’ ஆக்கி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள்; அதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போய்விடும்.

அப்புறம் வசனத்துக்கென்றே சில வேலைகள். படத்தில் பேச்சு பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வருகிறது. அது டிவி ஸ்டாண்டின் தட்டுக்குள் உள்ளே தள்ளி இருந்தால் விளிம்புவரை முன்னே இழுத்து, முகத்தைக் காதை நோக்கிச் சற்றே நிமிர்த்துங்கள். அளந்து முடித்த பிறகு சென்டரை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். டைனமிக் இக்யூ என்று ஒன்று இருக்கும். சத்தம் குறைவாக வைக்கும்போது அது பேஸையும் சரவுண்டையும் தூக்கிக் கொடுக்கும். உங்கள் வீட்டில் அதை அணைத்தே வையுங்கள். இன்னொன்று, ஆடிஸி வழக்கமாக 2,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலியைக் கொஞ்சம் இறக்கிவிடும். தெளிவுக்கு வேண்டிய இடமே அதுதான். அதை அணைக்க ரிசீவர் மெனுவில் வழியில்லை, காசு கொடுத்து வாங்கும் தனி ஃபோன் செயலியில் (ஆப்) இருக்கிறது. உங்கள் அப்பாவுக்காக அந்தச் செலவைத் தயங்காமல் செய்யலாம்.

தம்பியின் கேமுக்கும் வழி உண்டு. கன்சோலை நேரே டிவியில் செருகச் சொல்லுங்கள், சத்தம் மட்டும் இ-ஆர்க் (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வயரிலேயே ரிசீவருக்கு அனுப்பும் வசதி) வழியாக ரிசீவருக்கு வரட்டும். டிவியில் அதன் பழைய வடிவமான வெறும் ஆர்க் இருந்தால் சரிப்படாது. கன்சோல் அனுப்பும் 5.1 பிசிஎம் (சுருக்காத) ஒலியை ஆர்க் சுமக்காது, இ-ஆர்க் சுமக்கும். டிவியில் ‘இ-ஆர்க்’ என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 வாக்கில் வந்த முதல் எச்டிஎம்ஐ 2.1 (4கே 120 வாங்கும் வகை) ரிசீவர்கள் சிலவற்றில் 4கே 120-ல் படம் வராமல் திரை கறுத்துப் போகும் கோளாறு இருந்தது. டிவியில் நேரே செருகினால் அந்தக் கவலையும் இல்லை.

உங்கள் ஸ்பீக்கர் 4 ஓமாக இருந்து, கூடம் இதைவிட இரண்டு மடங்கு பெரிதாகவும் இருந்திருந்தால் வாட்டைப் பற்றி வேறு மாதிரி பேசியிருப்பேன். அப்போதும் ப்ரீ-அவுட் உள்ளதையே எடுக்கச் சொல்லியிருப்பேன். தனி ஆம்ப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: 9 சேனல் ரிசீவர் வாங்கினால் 9 ஸ்பீக்கரும் மாட்ட வேண்டுமா? என்னிடம் ஐந்துதான் இருக்கிறது.

பதில்: வேண்டாம். ஐந்தும் சப்வூஃபரும் போதும். எது இருக்கிறது என்று அளக்கும்போது ரிசீவரே கண்டுபிடித்துவிடும். மீதிச் சேனல்கள் சும்மா கிடப்பதால் கெடுதல் இல்லை. ஆட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது) ஆசை வந்தால் மேலே இரண்டு போட்டு 5.1.2, நான்கு போட்டு 5.1.4. இந்த நான்குக்குத்தான் 9 சேனல் தேவைப்படும்.

கேள்வி: ரிசீவரைக் கதவு போட்ட அலமாரிக்குள் வைக்கலாமா? குழந்தை கை வைக்கிறாள்.

பதில்: படம் ஓடும்போது கதவு திறந்திருக்க வேண்டும், மேலே ஒரு சாண் இடைவெளி வேண்டும், பின்பலகையில் பெரிய துளை வேண்டும். மூடிய அலமாரியில் வெந்துபோன ரிசீவர்கள் என் மேஜைக்கு நிறைய வந்திருக்கின்றன. குழந்தைக்கு எட்டாத உயரத்தில் திறந்த தட்டு ஒன்று அடித்துவிடுங்கள், ஸ்பீக்கர் வயரை மட்டும் சற்று நீளமாக எடுங்கள்.